கரண்ட் போனால் மட்டும் குழாயில் வேகம் வருகிறதா?

தருமபுரி மாவட்டத்தில் ஒரு பேரூராட்சியில் வசிக்கும் வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் பெயர், ஊர், தெரு எல்லாவற்றையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் சுருக்கித் தருகிறேன்.

வயது 41, பள்ளி ஆசிரியை. கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார் என வீட்டில் ஐந்து பேர். கீழ்த்தளமும் மாடியும் உள்ள சொந்த வீடு, தெருக்கோடிக்கு முந்தைய வீடு. நாலு நாளைக்கு ஒரு முறை ஒன்றரை மணி நேரம் குடிநீர் விடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன்பு அதிலேயே 3,000 லிட்டர் சம்ப் பாதிக்கு மேல் நிறையும். இப்போது முழு நேரமும் காத்திருந்தால் இருபது குடம் தேறுகிறது. தெருவில் நாலைந்து வீடுகளில் குழாயிலேயே நேராக மோட்டார் மாட்டியிருக்கிறார்கள். "அக்கா, நீங்களும் ஒன்னு போட்டுடுங்க, வேற வழியில்லை" என்று பக்கத்து வீட்டுத் தம்பியே சொல்கிறாராம். பிளம்பர் அரை அங்குலக் குழாயை எடுத்துவிட்டு ஒரு அங்குலம் போட்டால் பிரஷர் ஏறும் என்கிறார். கணவர் போர் போட்டுவிடலாம் என்கிறார். மாமியாரோ, எதிர் வீட்டில் செய்ததுபோல வாசலில் குழி தோண்டிக் குழாயை இறக்கச் சொல்கிறார். இதற்கிடையில் மாடி பாத்ரூமில் ஷவர் சொட்டுகிறது, மாடியில் உள்ள வாஷிங் மெஷின் தண்ணீர் போதவில்லை என்று பாதியில் நின்றுவிடுகிறது. கீழ் பாத்ரூமில் பரவாயில்லை.

அவர் கேட்பவை: மோட்டார் போடலாமா, அது சட்டப்படி குற்றமா? குழாயை மாற்றினால் பலன் உண்டா? போர் போடுவது நல்லதா? தண்ணீர் தராதவர்களுக்குக் கட்டணம் ஏன் கட்ட வேண்டும்? அக்கம்பக்கத்தைப் பகைக்காமல் புகார் கொடுக்க முடியுமா?

கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி இருக்கிறது. "போன மாதம் தண்ணீர் விடும் நேரத்தில் கரண்ட் போனது. அன்றைக்கு மட்டும் தண்ணீர் பிய்த்துக்கொண்டு வந்தது, ஏதோ அதிர்ஷ்டம்."

அன்புள்ள சகோதரி,

நீங்கள் அதிர்ஷ்டம் என்று எழுதியிருக்கும் அந்த வரியில்தான் பாதி பதில் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம். தெருக்குழாயில் தண்ணீர் வராததும் மாடியில் ஷவர் சொட்டுவதும் ஒரே பிரச்சினை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. தெருக்குழாயின் அழுத்தம் உங்கள் சம்ப்பின் வாயோடு முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மாடியில் நடப்பதெல்லாம் உங்கள் மொட்டைமாடித் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது. பேரூராட்சி நாளைக்கே வெள்ளமாகத் தண்ணீர் விட்டாலும் உங்கள் வாஷிங் மெஷின் அப்படியேதான் நிற்கும்.

அடுத்தது, உங்கள் குறை எவ்வளவு பெரியது என்ற கணக்கு. ஒரு குடம் 15 லிட்டர் என்று வைத்தால் இருபது குடம் 300 லிட்டர். ஐந்து பேருக்கு நாலு நாளைக்குப் பங்கிட்டால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர். பாதாளச் சாக்கடை இல்லாத, குழாய்வழி நீர் தரும் ஊர்களுக்கு மத்திய அரசின் குடிநீர்க் கையேடு பல காலமாகச் சொல்லிவந்த அளவு ஆளுக்கு 70 லிட்டர். கிராமங்களுக்கான ஜல் ஜீவன் திட்டமே 55 லிட்டர் என்கிறது. ஆகவே நீங்கள் பெரிதுபடுத்துவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மனு எழுதும்போது "தண்ணீர் சரியாக வருவதில்லை" என்று எழுதாமல் இந்தக் கணக்கை எழுதுங்கள்.

கொத்தனாரிடம் ஒரு டியூப் வாங்குங்கள்

மோட்டார், குழாய், போர் என்று எதற்கும் காசு செலவழிக்கும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். கொத்தனார்கள் மட்டம் பார்க்கப் பயன்படுத்தும் கண்ணாடி மாதிரி டியூப் இருக்கிறதே, அதில் முப்பது அடி போதும். தண்ணீர் விடும் நாளில், சம்ப்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றிவிட்டு, டியூபின் ஒரு முனையை உங்கள் வாசல் குழாயில் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். மறுமுனையைத் திறந்தபடியே சுவரோரமாகத் தூக்கி மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் கட்டுங்கள். வாசல் குழாயை முழுதாகத் திறங்கள். தண்ணீர் டியூபில் ஏறி ஓர் உயரத்தில் நிற்கும். தரையிலிருந்து அது எத்தனை அடி என்று அளந்தால், அந்த நேரத்தில் உங்கள் வாசலில் உள்ள அழுத்தம் அதுதான். பிரஷர் கேஜ் வாங்கியும் மாட்டலாம். பத்து மீட்டர் தண்ணீருக்கு ஏறக்குறைய 1 கிலோ (சதுர சென்டிமீட்டருக்கு) காட்டும். ஆனால் இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் மலிவான கேஜின் முள் நகருவதே சந்தேகம். டியூப் பொய் சொல்லாது.

அதே கையேடு, ஒற்றைத்தள வீடுகள் உள்ள பகுதியில் இணைப்பு எடுக்கும் இடத்தில் குறைந்தது 7 மீட்டர் அழுத்தம் வேண்டும் என்றும், இரண்டு தளமென்றால் 12 மீட்டர் என்றும் வைத்திருந்தது. 7 மீட்டர் என்றால் 23 அடி, கிட்டத்தட்ட உங்கள் மொட்டைமாடி உயரம். அழுத்தம் அந்த அளவு இருந்த காலத்தில்தான் மோட்டார் இல்லாமலே மேல்தொட்டி நிறைந்ததாகப் பெரியவர்கள் சொல்வார்கள்.

சோதனையைத் தண்ணீர் திறந்த பத்து நிமிடம் கழித்து ஒரு முறை, நடுவில் ஒரு முறை, நிறுத்தப்போகும் நேரத்தில் ஒரு முறை செய்யுங்கள். முதல் சில நிமிடங்களில் குழாயில் இருக்கும் காற்றுதான் வெளியேறும், அதை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். உங்கள் மகனிடம் சொன்னால் போனில் படம் எடுத்து வைப்பான். அந்தப் படம் பிறகு மனுவுக்கு உதவும்.

டியூபில் தண்ணீர் நல்ல உயரத்துக்கு ஏறி நிற்கிறது, ஆனால் குழாயைத் திறந்தால் நூல் மாதிரிதான் வருகிறது என்றால் கோளாறு உங்கள் பக்கம். தெருக் குழாயில் இணைப்பு எடுக்கும் ஃபெரூல் அடைத்திருக்கலாம், கேட் வால்வின் உள்தட்டு கழன்று பாதியில் நிற்கலாம், மீட்டர் இருந்தால் அதன் சல்லடையில் மண் இருக்கலாம், பழைய இரும்புக் குழாய் என்றால் உள்ளே துரு வளர்ந்து பென்சில் அளவுக்கு ஓட்டை சுருங்கியிருக்கலாம். வீட்டின் உள்பக்கம் உள்ளதை நீங்களே சரி செய்யலாம். சாலையைத் தோண்டுவதும் ஃபெரூலைத் தொடுவதும் பேரூராட்சி அனுமதியோடு, அவர்கள் ஃபிட்டர் செய்ய வேண்டியவை.

எந்த நேரத்தில் பார்த்தாலும் நாலைந்து அடிக்கு மேல் ஏறவில்லை என்றால் கோளாறு தெருவில். நாலைந்து அடியில் நின்றது கரண்ட் போனதும் திடீரென்று எகிறினால் கோளாறு தெருவில் உள்ள மோட்டார்களில். உங்கள் 'அதிர்ஷ்டம்' இதுதான். கரண்ட் போனதும் எல்லா மோட்டாரும் நின்றது, நடுவில் உறிஞ்ச ஆளில்லாமல் தண்ணீர் உங்கள் வீடு வரை வந்தது. அன்றைக்கு அப்படி வந்தது என்றால், உங்கள் ஃபெரூலும் குழாயும் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கின்றன என்றும் அர்த்தம். மின்வாரியத்தின் பராமரிப்பு மின்தடை நாளும் தண்ணீர் விடும் நாளும் ஒன்றாக வந்தால் தவறவிடாதீர்கள், டியூபோடு தயாராக இருங்கள்.

குழாயைப் பெரிதாக்கினால் பிரஷர் ஏறுமா?

பிளம்பர் சொன்னது பாதி உண்மை. குழாயின் அளவு அழுத்தத்தைக் கூட்டாது. ஓடும்போது உரசலில் வீணாகும் அழுத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலத்துக்கு மாறினால், அதே அளவு தண்ணீருக்கு உரசல் நஷ்டம் முப்பதில் ஒரு பங்காகிவிடும். கேட்க அருமையாக இருக்கிறது. ஆனால் உங்கள் இணைப்பின் நீளம் 60 அடி என்கிறீர்கள். ஒன்றரை மணி நேரத்தில் 300 லிட்டர் என்ற இன்றைய ஓட்டத்துக்கு, சுத்தமான அரை அங்குலக் குழாய் அந்த 60 அடியில் ஓரடி அழுத்தத்தைக்கூடத் தின்னாது. இல்லாத நஷ்டத்தைக் குறைக்கக் காசு போட்டு என்ன பயன்? துருவேறிய இரும்புக் குழாய் என்றால் மாற்றுங்கள், மாற்றும்போது முக்கால் அங்குலமாகப் போடுங்கள். பி.வி.சி. குழாய் ஒழுங்காக இருந்தால் விட்டுவிடுங்கள்.

அதைவிடப் பெரிய நஷ்டம் உங்கள் கடிதத்தில் வேறொரு இடத்தில் இருக்கிறது. வாசல் குழாய் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் முடிகிறது, அதில் ஹோஸ் மாட்டி சம்ப்புக்குள் விடுகிறோம் என்று எழுதியிருக்கிறீர்கள். தெருவில் அழுத்தம் ஐந்தடி மட்டும் இருந்தால், அதில் மூன்றடியைத் தண்ணீர் குழாயில் ஏறுவதற்கே கொடுத்துவிடுகிறீர்கள். மிச்சம் இரண்டடியில்தான் இருபது குடம் வருகிறது. அந்த இணைப்பைத் தரைக்குக் கீழேயே திருப்பி, சம்ப்பின் மேல்தளத்துக்குச் சற்றுக் கீழே சுவரைத் துளைத்து நேராக உள்ளே விட்டால், வெளிவாய் தரைமட்டத்துக்கு ஓரடி கீழே போய்விடும். இரண்டடியில் ஓடிய தண்ணீர் ஆறடியில் ஓடும். உரசல் காரணமாக அளவு மூன்று மடங்காகாது. ஒன்றே முக்கால் மடங்கு எதிர்பார்க்கலாம். இருபது குடம் முப்பத்தைந்து குடம் ஆகும். ஒரு கொத்தனார், ஒரு பிளம்பர், ஒரு நாள் கூலி. சாலையைத் தோண்டும் வேலை இல்லை.

இதைச் செய்யும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். சம்ப் முழுதாக நிறைந்தாலும் குழாயின் வாய் தண்ணீரில் முங்கக் கூடாது. இரண்டு மூன்று அங்குலமாவது மேலே நிற்க வேண்டும், அந்த இடைவெளிக்குக் கீழே வழிந்தோட ஒரு குழாய் வேண்டும். முங்கினால், தெருவில் தண்ணீர் நிறுத்தும்போது உங்கள் சம்ப் தண்ணீரைத் தெருக்குழாய் திரும்ப இழுத்துக்கொள்ளும். சம்ப் மூடி தரையைவிட அரை அடியாவது உயர்ந்து இருக்கட்டும், மழைத் தண்ணீரும் வாசல் கழுவும் தண்ணீரும் இறங்கக் கூடாது. செப்டிக் டேங்க் இருக்கும் பக்கமாகக் குழாயைக் கொண்டு போகாதீர்கள். அப்புறம், தொட்டி நிறைந்ததும் தானாக மூடிக்கொள்ள, கடையில் விற்கும் சின்ன ஃப்ளோட் வால்வு மாட்டச் சொல்வார்கள். அதன் துளை மிகச் சிறியது, குறைந்த அழுத்தத்தில் அதுவே பாதித் தண்ணீரை நிறுத்திவிடும். உங்கள் சம்ப் இப்போதைக்கு நிறைந்து வழியும் ஆபத்தில் இல்லை. முழுதாகத் திறக்கும், கையால் திருப்பி மூடும் ஒரு பால் வால்வு போதும்.

மாமியார் சொல்லும் வாசல் குழியும் இதே தத்துவம்தான், உயரத்தைக் குறைப்பது. அந்த வகையில் அவர் கணக்கு சரி. ஆனால் திறந்த குழியில் சாக்கடையும் மழைத் தண்ணீரும் தேங்கும், குழாய் வாய் அதில் முங்கும், தண்ணீர் நிற்கும் நேரத்தில் அது குழாய்க்குள் போகும். உங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, தெருவுக்கே போகும். மூடிய சம்ப்புக்குள் இறக்குவது அதே பலனைத் தரும், இந்த அசிங்கம் இருக்காது. அவரிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள், அவர் யோசனையைத்தான் கொஞ்சம் திருத்திச் செய்கிறோம் என்று.

மோட்டார் போடலாமா?

குழாயில் நேராக மாட்டக் கூடாது. உள்ளாட்சிகள் இணைப்புக் கொடுக்கும்போதே விதிக்கும் நிபந்தனை இது. பிடிபட்டால் மோட்டாரைப் பறிமுதல் செய்வார்கள், இணைப்பைத் துண்டிப்பார்கள், திரும்ப இணைக்கக் கட்டணமும் அபராதமும் கேட்பார்கள். "எல்லாரும் போட்டிருக்கிறார்கள்" என்பது அங்கே எடுபடாது. உங்களுக்கு இன்னொரு நஷ்டமும் உண்டு: நீங்களும் மோட்டார் போட்ட நாளிலிருந்து புகார் கொடுக்கும் தகுதியை இழக்கிறீர்கள்.

சட்டத்தை விடுங்கள், உடம்புக்கு வருவோம். நாலு நாளில் ஒன்றரை மணி நேரம் மட்டும் தண்ணீர் ஓடும் குழாய் மற்ற நேரமெல்லாம் காலியாகக் கிடக்கிறது. பழைய இணைப்புகளில் கசிவு இருக்கும், பல இடங்களில் சாக்கடைக் கால்வாயை ஒட்டியேதான் குழாய் போகும். தண்ணீர் தள்ளிக்கொண்டு வரும்போது கசிவில் வெளியே போகும். மோட்டார் உறிஞ்சும்போது குழாய்க்குள் அழுத்தம் வெளியைவிடக் கீழே போய்விடும், அப்போது அதே ஓட்டை வழியாகச் சாக்கடை உள்ளே வரும். டைஃபாய்டு, மஞ்சள் காமாலை, வயிற்றுப்போக்கு எல்லாம் தெருவோடு மொத்தமாக வருவதற்கு இது ஒரு வழி. குளோரின் கொஞ்சம் மிச்சமிருந்தால் தாங்கும், ஆனால் கடைக்கோடிக்கு வரும்போது அதுவும் தேய்ந்திருக்கும். தெருவில் மோட்டார்கள் ஓடும் வரை, குடிக்கும் தண்ணீரை நீங்கள் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

இன்னொன்று, மோட்டார் தண்ணீரை உற்பத்தி செய்வதில்லை. ஆறாவது மோட்டாராக நீங்கள் வந்தால் அடுத்து ஏழாவது ஆள் ஒரு எச்.பி.க்குப் பதில் ஒன்றரை எச்.பி. வாங்குவார். கடைசியில் மின்கட்டணம்தான் எல்லாருக்கும் ஏறும்.

சம்ப்பிலிருந்து மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் வேறு. அது உங்கள் தொட்டி, உங்கள் தண்ணீர். அதில் தடை எதுவும் இல்லை.

மாடி ஷவரும் வாஷிங் மெஷினும்

இது சின்ன விஷயம், சீக்கிரம் முடித்துவிடலாம். மாடியில் ஷவர் ஏழடி உயரத்தில், மொட்டைமாடித் தொட்டியின் அடிப்பாகம் அதற்கு மேல் ஐந்தாறு அடி உயரத்தில். அப்படியென்றால் ஷவருக்குக் கிடைப்பது 0.2 கிலோவுக்கும் குறைவு. பல வாஷிங் மெஷின்கள் 0.3 முதல் 0.5 கிலோ வரை கேட்கும், அதனால்தான் நிற்கிறது. கீழ்த்தளத்துக்குக் கூடுதலாகப் பத்தடி கிடைப்பதால் அங்கே பரவாயில்லை. மெஷினைக் கீழே கொண்டுவந்தால் செலவில்லாமல் தீரும். முதலில் அதன் பின்பக்கக் குழாய்ச் சல்லடையைக் கழற்றிக் கழுவுங்கள். முடியாது, மாடியிலேயே வேண்டும் என்றால், தொட்டியிலிருந்து மாடி பாத்ரூமுக்கு மட்டும் தனியாக ஒரு அங்குலக் குழாய் இறக்கி, அதில் தானாக ஓடி நிற்கும் சின்ன பூஸ்டர் பம்ப் மாட்டலாம். தொட்டிக்குப் பிறகு மாட்டுவதால் விதிமீறல் இல்லை. தொட்டியைச் செங்கல் அடுக்கி உயர்த்தும் யோசனை யாராவது சொன்னால் மட்டும் யோசியுங்கள். 1,000 லிட்டர் தொட்டி நிறைந்தால் ஒரு டன் எடை. கீழே பீம் இருக்கிறதா என்று பார்க்காமல் அதைத் தொடக் கூடாது.

போர் போடலாமா?

உங்கள் கணவரின் பொறுமை போய்விட்டது புரிகிறது. இருந்தாலும் இது நம் மாவட்டம். கீழே கடினப் பாறை, தண்ணீர் பாறை வெடிப்புகளில் மட்டும்தான். மூன்றாவது வீட்டில் கிடைத்தது என்பதால் உங்கள் வீட்டிலும் கிடைக்கும் என்று உறுதி கிடையாது. ஆழத்துக்கு ஆழம் பணம் இறங்கும், கடைசியில் புகை மட்டும் வரலாம். உள்ளாட்சி அனுமதி வாங்கித்தான் தோண்ட வேண்டும், தண்ணீர் வராவிட்டால் குழியைச் சரியாக மூடுவதும் உங்கள் பொறுப்பு.

கிடைத்தாலும் ஃப்ளூரைடு என்ற கேள்வி நிற்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் பல இடங்களில் அது அதிகம். பல்லில் பழுப்புக் கறையும், வயதானவர்களுக்கு எலும்பு, மூட்டு வலியும் அதனால்தான் வந்தன. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கப்பட்டதற்கு முக்கியக் காரணமே அது. இந்தியத் தர நிர்ணயப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை. கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது. தண்ணீர் சுண்டுவதால் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆகவே போர் போடுவதாக இருந்தால் துவைக்க, கழுவ, கழிப்பறைக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். குடிக்க வேண்டுமென்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துச் சோதித்த பிறகு முடிவு செய்யுங்கள். போர்க் குழாயையும் குடிநீர்க் குழாயையும் நடுவில் ஒரு வால்வு வைத்து இணைக்கும் பழக்கம் இங்கே உண்டு. அதை மட்டும் பிளம்பர் எவ்வளவு சொன்னாலும் அனுமதிக்காதீர்கள்.

என் கருத்தைக் கேட்டால், சம்ப் வேலையை முடித்து இரண்டு மாதம் பார்த்துவிட்டுப் பேசலாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

கட்டணமும் மனுவும்

கோபம் நியாயம்தான். ஆனால் கட்டணத்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பேச்சு மாறிவிடும். தண்ணீர் வராத வீடு என்பது போய், பாக்கி வைத்த வீடு என்று ஆகிவிடுவீர்கள், இணைப்பைத் துண்டிக்க நீங்களே காரணம் கொடுத்ததாகும். ரசீதுகளை மனுவோடு நகலாக இணையுங்கள், அவை உங்கள் பக்கம் பேசும்.

முந்தைய மனுவுக்குப் பதில் வராததற்கு ஒரு காரணம், அது போன இடமாக இருக்கலாம். காவிரித் தண்ணீர் வரவில்லை என்று குடிநீர் வாரியத்துக்கு எழுதியதாகச் சொல்கிறீர்கள். வாரியம் ஊரின் தொட்டி வரை மொத்தமாகத் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுக்கும். தொட்டியிலிருந்து தெருவுக்குப் பிரித்து விடுவது உங்கள் பேரூராட்சி. அதனால் மனு செயல் அலுவலருக்குப் போக வேண்டும், ஒப்புகை வாங்க வேண்டும்.

அதற்கும் முன்னால், வால்வு திறந்துவிடும் ஊழியரிடம் ஒரு முறை நிதானமாகப் பேசுங்கள். எந்தத் தெருவுக்கு எப்போது போகிறது, எந்த வால்வு பழுது என்பது அலுவலகத்தில் யாரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் சொல்வதை வைத்து மனுவில் கேட்பதைக் குறிப்பாகக் கேட்கலாம்:

ஒன்று, தெருவின் மேல்பகுதிக்குத் தனி வால்வு இருந்தால் அதை முதல் அரை மணி நேரம் மூடிவைத்துக் கடைக்கோடிக்கு முதலில் விடுவது. இதற்குச் செலவே இல்லை.

இரண்டு, தெருக்கோடியில் குழாய் முட்டி நிற்கும் இடத்தில் வண்டலைத் திறந்துவிட்டுச் சுத்தம் செய்வது.

மூன்று, அந்த முட்டுக்கோடியை அடுத்த தெருக் குழாயோடு இணைப்பது. இரண்டு பக்கமிருந்தும் தண்ணீர் வரும். சில மீட்டர் குழாய் வேலைதான், கடைக்கோடி வீடுகளுக்கு நிரந்தரத் தீர்வு பெரும்பாலும் இதுதான். யாரும் கேட்பதில்லை என்பதால் யாரும் செய்வதில்லை.

நான்கு, தண்ணீர் விடும் நேரத்தில் வார்டு முழுவதும் மோட்டார் சோதனை.

பதிலில்லை என்றால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் பதிந்து மனு எண் வாங்குங்கள், திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியரின் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி ஒரு மனு: கடந்த ஆறு மாதத்தில் எங்கள் தெருவுக்கு எந்தெந்த நாளில், எத்தனை மணி நேரம் தண்ணீர் திறக்கப்பட்டது, மேல்நிலைத் தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது? 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு உண்டு. பல இடங்களில் அந்தக் கேள்வி போய்ச் சேர்ந்த வாரமே வால்வு ஒழுங்காகத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். வழக்கு வரை போக நினைத்தால், 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். இந்த விஷயத்துக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

பகை வராமல் எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். யார் பெயரையும் எழுதாதீர்கள். மோட்டார் சோதனையை உங்கள் தெருவுக்கு மட்டும் கேட்காமல் வார்டு முழுதுக்கும் கேட்பது அதற்காகத்தான். கடைக்கோடியில் உங்களைப் போலவே தவிக்கும் நாலைந்து வீட்டாரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் யார் கொடுத்தது என்ற பேச்சே எழாது. சோதனை வரப்போகிறது என்ற செய்தி கவுன்சிலர் வழியாகக் கொஞ்சம் முன்னதாகவே தெருவில் பரவினாலும் நல்லதுதான். பாதிப் பேர் தாங்களே கழற்றிவிடுவார்கள்.

உங்களுக்கு அக்கறையோடு யோசனை சொன்ன பக்கத்து வீட்டுத் தம்பியிடம் மட்டும் நேரிலேயே பேசுங்கள். அவர் வீட்டில் சம்ப் இல்லை, மோட்டார் போடாவிட்டால் மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறாது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மோட்டாரைத் தூக்கிப் போட வேண்டாம். தெருக்குழாய்த் தண்ணீர் 500 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி ஒன்றில் தானாக விழட்டும், அதே மோட்டார் அந்தத் தொட்டியிலிருந்து மேலே ஏற்றட்டும். நிற்கும் தொட்டி உயரம் அதிகம் என்பதால் அகலமான, குட்டையான தொட்டியாகப் பார்த்து, அதைப் பாதியளவு மண்ணில் இறக்கி, மூடி போட்டு வைக்கச் சொல்லுங்கள். உங்கள் சம்ப் வேலைக்கு வரும் கொத்தனாரே அதையும் அன்றைக்கே முடித்துவிடுவார்.